கோழிப்பண்ணை அம்மாவுக்கு நாலுதான்

அந்த நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள் தம்பி. பெஞ்சில் உட்காருங்கள். நாற்காலி என்னுடையது. கமாண்டர் வந்தாலும் இங்கே பெஞ்சுதான்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறீர்களா? நல்லது. கோகிலவாணி அம்மாவைப் பார்க்கச் சொன்னார்களா? அவர்தான் இப்போது கிளப்புக்குச் செயலாளர். பல்லடம் பக்கம் பெரிய கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நான் கோழிப்பண்ணை அம்மா என்றுதான் சொல்வேன். இப்போது மேலே பறந்துகொண்டிருக்கிறார், இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒரு சங்கதி சொல்கிறேன். அவரைப் பற்றிக் குறை எதுவும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், முடிவை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

என் பெயர் அங்கப்பன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் பாதி ஐந்தாம் வகுப்பு. காங்கேயத்தில் ரேடியோக் கடை வைத்திருந்தேன். கமாண்டர் தேவசகாயம் என்று ஒருவர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்தக் கிளப்புக்குத் தலைவர், ஒரு நாள் தன் வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் மூடியைத் திறக்கவில்லை. பாடவிட்டுக் காதில் வைத்துக் கேட்டேன். இன்ன இடத்தில் பற்றவைத்த ஈயம் விட்டிருக்கிறது என்றேன். திறந்து பார்த்தால் அதே இடம். அன்றைக்கே என்னைக் காரில் ஏற்றி இந்த ஓடுதளத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பத்தொன்பது வருடம் ஆகிறது.

விமான ரேடியோ ஒன்றும் பெரிய வித்தை இல்லை தம்பி. காது இருந்தால் போதும். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் வந்தால் எங்கேயோ இணைப்பில் அழுக்கு, இல்லாவிட்டால் ஈரம். சீட்டி அடிக்கிற சத்தம் வந்து, இன்ஜின் ஏற ஏறச் சீட்டியும் ஏறினால் மின்சாரம் போடுகிற ஆல்டர்னேட்டரில் கோளாறு. குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்டால் மைக். பெங்களூரில் இருந்து மாதம் ஒரு தடவை ஒரு இன்ஜினியர் வருவார். பெட்டி நிறையக் கருவி கொண்டுவருவார். எல்லாவற்றையும் மாட்டி அளந்து பார்த்துவிட்டு, நான் முன்னமே சொன்னதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கையெழுத்துப் போட அவருக்கு உரிமம் இருக்கிறது. எனக்குக் காதுதான் இருக்கிறது.

இந்த அறையில் என் வேலை என்ன தெரியுமா? மேசைமேல் இருக்கிறதே, அந்த செட்டில் உட்கார்ந்து விமானிகளுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்ல வேண்டும். ஓடுதளத்தில் ஆடு நிற்கிறதா, நாய் நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். அவர்கள் இங்கிலீஷில் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் காற்றும் எண்களும்தான். அவசரம் என்றால் தமிழ்தான்.

அப்புறம் நம்பர். கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ரேடியோ செக் என்று கூப்பிடுவார்கள். என் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று நான் நம்பர் கொடுக்க வேண்டும். சுத்தமாகக் கேட்டால் அஞ்சு. கொஞ்சம் இரைச்சல் இருந்தால் நாலு. கூர்ந்து கேட்டால்தான் புரியும் என்றால் மூணு. அங்கே ஒரு வார்த்தை இங்கே ஒரு வார்த்தை என்றால் ரெண்டு. ஒண்ணும் புரியாவிட்டால் ஒண்ணு. மூணு வரைக்கும் பறக்கலாம். ரெண்டு என்று சொல்லிவிட்டால் அதோ அந்த ஆணியில் தொங்குகிற பழுதுப் புத்தகத்தில் எழுதிவிடுவேன். எழுதிவிட்டால் இன்ஜினியர் வந்து கையெழுத்துப் போடும் வரை அந்த விமானம் தரையைவிட்டு எழும்பக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் எழுதிய கைதான் அதைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். கமாண்டர் வைத்த சட்டம்.

இன்னொரு சட்டம் விமானிகள் தாங்களாகவே வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து, கொட்டகை நிழலில் வரிசையாக இலை போட்டு உட்காருவார்கள். பொங்கல், வடை, சாம்பார். அன்றைக்கு யாருக்கு அஞ்சுக்குக் குறைவாக நம்பர் வந்ததோ அவர்தான் எல்லோருக்கும் பரிமாற வேண்டும். ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மில்லுக்காரர் சௌந்தரராஜனைப் பொங்கல் வாளி தூக்கவைத்திருக்கிறேன் தம்பி. நாலு என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். பாதி ஐந்தாம் வகுப்பு படித்தவன் வாயில் இருந்து.

விமானிகள் சாப்பிடுகிறதை நீங்கள் பார்க்க வேண்டும். வாயால் பேச மாட்டார்கள், கையால் பேசுவார்கள். நான் இப்படி வந்தேன், காற்று இப்படித் தள்ளியது, இப்படித் திருப்பினேன் என்று சாம்பார்க் கை மேலே எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவர் சட்டையில் போய் இறங்கும். பல் டாக்டர் ஜெகநாதன் ஞாயிற்றுக்கிழமைக்கு என்றே பழைய சட்டை வைத்திருக்கிறார். ஒருவர் இறங்கியது கோணல் என்று இன்னொருவர் சொல்லவே மாட்டார். அருமை என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அந்த விஷயத்தில் எல்லோரும் நல்ல மரியாதைக்காரர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம், இந்த அறைக் கூரையில் ஏறிய எலி ஒன்று ஏரியல் கேபிளைக் கடித்துவிட்டது. கூரைமேல் கம்பம் தெரிகிறதல்லவா, அதில் இருந்து என் செட்டுக்கு வருகிற கேபிள். இன்ஜினியரிடம் சொன்னால் புதுக் கேபிள் வர ஒரு மாதம் ஆகும். என் மருமகன் வீடுகளுக்கு டிவி கேபிள் கொடுக்கிற தொழில் செய்கிறார். அவரிடம் பத்தடி வாங்கிவந்து, கடித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, முறுக்கிச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி, அதற்குமேல் பால் பாக்கெட் உறையைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஒரே மணி நேரம். கமாண்டரே முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மார்கழி பிறந்தது. அந்த வருடம் பனி அப்படி ஒரு பனி. முதல் ஞாயிறு காலை ஏழரைக்கு மில்லுக்காரர் கூப்பிட்டார். கடுகு பொரிகிறது. மூணு என்றேன். டாக்டர் கூப்பிட்டார். அவருக்கும் மூணு. கோழிப்பண்ணை அம்மா புதிதாகச் சேர்ந்து சொந்தமாக ஒரு பழைய விமானம் வாங்கியிருந்தார், உரிமம் இன்னும் வாங்கவில்லை. அவருக்கும் மூணு.

எல்லா விமானமும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நானும் யோசித்தேன். இராத்திரியெல்லாம் கொட்டகையில் பனியில் நிற்கிறது, செருகுகிற இடமெல்லாம் வியர்த்திருக்கும். சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு விமானமாக ஏறினேன். செட்டைத் தட்டில் இருந்து இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழிக்கிற ரப்பரால் முனைகளைத் தேய்த்து, ஹெட்செட் பிளக்கை ஸ்பிரிட்டில் துடைத்து, மறுபடி செருகினேன். பதினோரு மணிக்கு எல்லோரையும் கூப்பிடச் சொன்னேன். அஞ்சு, அஞ்சு, அஞ்சு. நான் துடைத்தேன், சரியாகிவிட்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். காலையில் மூணு, நான் துடைத்ததும் பதினோரு மணிக்கு அஞ்சு. அதற்கு அடுத்த ஞாயிறும். எல்லோருக்கும் மூணு வந்தால் யார் பரிமாறுவது? அவர்களே முறை போட்டுக்கொண்டார்கள். ஒரு வாரம் மில்லுக்காரர், ஒரு வாரம் டாக்டர். சிரித்துக்கொண்டே பரிமாறினார்கள். அங்கப்பண்ணன் கை பட்டால்தான் ரேடியோ பேசுது என்று மில்லுக்காரர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கே ஆச்சரியம். ஏனென்றால் ஒரு தடவை, வெளியூர் விமானிகள் வந்திருந்தபோது, என் செட் கரகரக்கிறது என்று அவர் சொல்லி, நான் அவரிடம் எட்டு மாதம் பேசவில்லை. காற்று சொல்வேன். வணக்கம் சொல்ல மாட்டேன்.

மார்கழி நாலாவது ஞாயிறு. காலையில் கோழிப்பண்ணை அம்மா மட்டும் சீக்கிரம் வந்துவிட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு உரிமத் தேர்வு. தேர்வு வைக்கிறவர் சென்னையில் இருந்து வருகிறார், அந்தத் தேதி கிடைக்க ஏழு மாதம் காத்திருந்தார். அதை விட்டால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொள்கிறார், வீட்டுக்காரர் வேறு கேலி செய்துகொண்டிருந்தாராம். அதனால் பனி முழுதாக விலகும் முன்னாலேயே ஏறி, இறங்கி, ஏறிப் பழகிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை இறங்க வருகிறார். நான் இந்த ஜன்னலில் நிற்கிறேன். ஓடுதளத்தின் நடுவில் பத்துப் பதினைந்து ஆடு. மைக்கை எடுத்து, ஆடு நிற்குது, மேலே போங்க, ஆடு நிற்குது, மேலே போங்க என்று நாலு தடவை சொன்னேன். சொன்னேன் தம்பி. என் மனசாட்சிக்குத் தெரியும். அந்த அம்மா பாட்டுக்கு இறங்கிக்கொண்டே வருகிறார். தென்னை உயரத்துக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டிருக்கும். இன்ஜின் அலறிக்கொண்டு மேலே தூக்கினார். ஒரு ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் இறங்கி, விமானத்தை நிறுத்திவிட்டு, நேராக இந்த அறைக்கு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“அங்கப்பண்ணா, நீங்க என்னமோ சொன்னீங்க. அங்கொரு வார்த்தை இங்கொரு வார்த்தைதான் கேட்டுச்சு, என்னன்னு புரியலீங்க. உங்க செட்டு ரெண்டுங்க.”

பதினாறு வருடம். பதினாறு வருடமாக இந்த அறையில் இருந்து நம்பர் வெளியே போயிருக்கிறது. உள்ளே வந்ததில்லை. ஒரு விமானியும் எனக்கு நம்பர் கொடுத்ததில்லை. மாணவி ஒருவர், உரிமம்கூட இல்லை, வாசலில் நின்று எனக்கு ரெண்டு என்கிறார்.

கோபத்தில் பேசுகிற ஆள் இல்லை நான். பழுதுப் புத்தகத்தை எடுத்தேன். அவர் விமானத்தின் பெயரை எழுதி, ரேடியோ ரெண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுபடி ஆணியில் மாட்டினேன். இன்ஜினியர் வர இன்னும் பத்து நாள்.

பழிவாங்கினேன் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இல்லை. ஆடு நிற்கிறது என்று நாலு தடவை சொல்லியும் ஒரு செட்டுக்குக் கேட்கவில்லை என்றால் அது ரெண்டா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்குப் பொங்கல் இறங்கவில்லை யாருக்கும். கையை ஆட்டிப் பேச்சு இல்லை. டாக்டர் என்னிடம் வந்து, பாவமுங்க, ஏழு மாசமாக் காத்திட்டிருந்தாங்க என்றார். மில்லுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வடையைக் கடித்துக்கொண்டார். கமாண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், எழுதின கைதான் அடிக்கணும் அங்கப்பா, நான் தொட மாட்டேன் என்று மட்டும் சொன்னார். அவர் உத்தரவு போட்டிருந்தால் நான் உடனே அடித்துவிட்டு, உத்தரவு என்று அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

கோழிப்பண்ணை அம்மா அழவில்லை. கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எழுதியதை அடித்திருப்பேன். நாளைக்குக் காலையில் ஏழரை மணிக்கு என் விமானத்தில் வந்து உட்காருங்கள், நீங்களே காதில் மாட்டிக் கேளுங்கள், நீங்கள் சொல்கிற நம்பர் எதுவோ அதுதான் முடிவு, நான் மறுபேச்சுப் பேச மாட்டேன் என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். போகாமல் இருக்க முடியுமா?

திங்கட்கிழமை காலை. பனி சொட்டுகிறது. அவர் விமானத்தில் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அதுவரைக்கும் எந்த விமானத்திலும் ஹெட்செட்டை மாட்டி இந்த அறையை நான் கேட்டதே இல்லை. எதற்குக் கேட்க வேண்டும்? நான்தான் எப்போதும் இங்கே இருக்கிறேனே. நான் அங்கேயும் இருந்தால் இங்கே யார் பேசுவது?

முதலில் ஓடுதளத்தின் அந்தக் கோடியில் நின்ற தன் விமானத்தில் இருந்து மில்லுக்காரர் பேசினார். பக்கத்து இலையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அஞ்சு. என் காதுக்கு அஞ்சு. அவர் செட் நன்றாக இருக்கிறது, இந்த அம்மாவின் செட்டும் நன்றாகக் கேட்கிறது என்றால், மிச்சம் என்ன இருக்கிறது?

அடுத்து டாக்டர் பேசினார். இந்த அறையில் இருந்து. என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மைக்கைப் பிடித்து. அதே ஹெட்செட், அதே காது.

கடுகு. முழுக்கக் கடுகு. நடுவில் ஒரு மனிதன் எங்கோ கிணற்றடியில் நின்று கத்துகிற மாதிரி இருந்தது. கூர்ந்து கேட்டேன். கண்ணை மூடிக் கேட்டேன். அங்கே ஒரு வார்த்தை, இங்கே ஒரு வார்த்தை, என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

“டாக்டர் என்ன சொன்னார்?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை நீங்க எனக்குச் சொன்னதைத்தானுங்க சொல்லச் சொன்னேன்.”

ஆடு நிற்குது, மேலே போங்க. அதைத்தான் அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கே புரியவில்லை.

பனிக்கு அப்படித்தான் இருக்கும், தூரத்துக்கு அப்படித்தான் இருக்கும், டாக்டருக்கு மைக் பிடிக்கத் தெரியாது என்றெல்லாம் சாக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மறுபேச்சுப் பேச மாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். நான் மூணு என்றாலும் மூணுதான். வெளியே எல்லோரும் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எத்தனைங்க?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

காங்கேயத்தில் கடை வைத்திருந்தபோது கூட இந்தக் காது கேட்டதை வாய் மாற்றிச் சொன்னதில்லை தம்பி. அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிற சொத்து.

“ரெண்டு” என்றேன்.

இறங்கிவந்து பழுதுப் புத்தகத்தில் எழுதியதை அடித்தேன். அதற்குக் கீழே இந்த அறையின் பெயரை எழுதினேன். ரேடியோ ரெண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை.

கூரைமேல் ஏறிப் பால் பாக்கெட் உறையை அவிழ்த்தால் உள்ளே இருந்து ஒரு கரண்டித் தண்ணீர் கொட்டுகிறது. செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. இராத்திரிப் பனி உள்ளே இறங்கியிருக்கிறது, பதினோரு மணி வெயிலில் காய்ந்திருக்கிறது. ரப்பரால் தேய்த்தவன் நான், சரிசெய்தது சூரியன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த டேப்பைப் பற்றி மருமகனிடம் இன்னும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல டேப் என்று சொல்லித்தான் கொடுத்தார். தீபாவளிக்கு வந்தார், நான் அவரிடம் பேசவில்லை.

நான் கூரைமேல் இருக்கும்போது டாக்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் சும்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? சொல்லிவிட்டார்.

“எங்களுக்கு மூணு வாரமாவே தெரியுமுங்ணா. நாங்க ஒருத்தருக்கொருத்தர் பேசினா நல்லாக் கேக்குது. உங்ககிட்டப் பேசினாத்தான் இரையுது.”

“ஏன் சொல்லவில்லை?” என்றேன்.

“சொன்னா எட்டு மாசம் பேச மாட்டீங்களே.”

பார்த்தீர்களா நியாயத்தை? மூன்று வாரமாக நான் காற்று சொல்லியிருக்கிறேன், நாய் சொல்லியிருக்கிறேன். அவர்கள் மேலே ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். நான் பேசியதை ஒருவரும் கேட்கவில்லை. என் மனசு நோகக் கூடாது என்று முறை போட்டுப் பொங்கல் பரிமாறியிருக்கிறார்கள், கை பட்டால் ரேடியோ பேசுகிறது என்று பாராட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா புதுசு, அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் என்னை நம்பாமல் ஓடுதளத்தை முன்னமே ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டு இறங்கியிருப்பார். என்னை நம்பி இறங்கியது அவர் ஒருத்தர்தான்.

ஆனாலும் அவர்களை நான் மன்னித்துவிட்டேன் தம்பி. மரியாதை தெரிந்தவர்கள். வாசலில் வந்து நின்று முகத்துக்கு நேராக ரெண்டு என்று சொன்னவரைத்தான் மன்னிக்க முடியவில்லை. மனிதன் என்றால் ஒரு இது வேண்டாமா?

அன்றைக்கே கோயம்புத்தூர் போய் முறையான கேபிளே வாங்கிவந்து, நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக இழுத்து, ஈயம் வைத்துப் பிளக் மாட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில் தேர்வு வைக்கிறவர் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ரேடியோ செக் என்று அந்த அம்மா கூப்பிட்டார். கண்ணாடி மாதிரி கேட்டது. அஞ்சு சொல்லத்தான் மைக்கை எடுத்தேன். வாய் வரவில்லை. நாலு என்றேன். நாலோடு பறந்தார், தேர்வில் தேறினார்.

அதற்கு அடுத்த ஞாயிறு பரிமாறியது நான். சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம், என் அறைக்கு அந்த வாரம் ரெண்டு. யாரும் கேட்கவில்லை, நானே வாளியைத் தூக்கினேன். வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த அம்மா இலைக்கு வந்தபோது முந்திரி ஒன்றுகூட விழாதபடி கரண்டியைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு இருந்து அவருக்கு நாலுதான். மூன்று வருடம், ஒரு தடவைகூட அஞ்சு கொடுத்ததில்லை. நாலு என்றால் பரிமாற வேண்டுமே, மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரேதான் பரிமாறுகிறார். பெரிய பண்ணைக்காரர், செயலாளர் வேறு. நான் பழிதீர்க்கிறேன் என்று இன்னும் அவருக்குப் புரியவில்லை. வாளியோடு முதலில் என் இலைக்குத்தான் வருவார், முந்திரியாகப் பார்த்துப் போடுவார். என்மேல் பயமாக இருக்கும். இருக்கட்டும்.

செயலாளர் ஆனதும் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார். நான் நம்பர் கொடுத்ததும் விமானியும் திருப்பி எனக்கு நம்பர் கொடுக்க வேண்டும். நானும் அதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். நான் எதிர்த்தேன். தோற்றுவிட்டேன்.

கொஞ்சம் இருங்கள், கூப்பிடுகிறார். அவர்தான்.

நாலு. காற்று கிழக்கே, லேசாக. ஓடுதளம் சுத்தம்.

கேட்டீர்களா? எனக்கு அஞ்சு என்கிறார். அந்த நோட்டை இப்படி எடுங்கள், எழுதிக்கொள்கிறேன். முன்பக்கமெல்லாம் புரட்டிப் பார்க்காதீர்கள். ஆமாம், அவர் ஒருத்தர் பெயர்தான் இருக்கும். மில்லுக்காரரும் அஞ்சுதான் சொல்கிறார், டாக்டரும் அஞ்சுதான் சொல்கிறார். அவர்கள் சொல்வதை நான் எழுதுவதில்லை. அவர்களுக்கு என்மேல் பிரியம், தம்பி. பிரியமானவர்கள் சொல்கிற நம்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?